பியா காணாதது

2024 ஜூலையில் அலிஸ் மன்றோவின் இளைய மகள் ஆன்ட்ரியா ஸ்கின்னர் 'ரொறன்ரோ ஸ்டார்' பத்திரிகையில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 'வேண்டல்ஸ்' கதையை மறுபடி எடுத்தேன். தாயின் இரண்டாவது கணவர் 1976 கோடையில், ஒன்பது வயதில், தன்னைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதை ஆன்ட்ரியா 1992-இல் தாய்க்குக் கடிதமாக எழுதியிருந்தார். மன்றோ சில மாதங்கள் பிரிந்திருந்துவிட்டுக் கணவரிடமே திரும்பினார். 2005-இல் அந்த மனிதர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட பின்பும் விலகவில்லை.

கதை வெளிவந்தது 1993-இல். விலங்குகளைப் பாடம் செய்து வைக்கும் லாட்னர் சிறுமி லீசாவைச் சீரழிக்கிறான். அவனோடு வாழும் பியா அதைக் காணாதவளாகவே இருந்துவிடுகிறாள். அவள் மனம் வைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்பது லீசாவுக்குத் தெரியும். வளர்ந்தபின் ஒருநாள் அந்த வீட்டுக்குள் போய்க் கண்டதையெல்லாம் உடைக்கிறாள். கடிதம் கிடைத்த மறுவருடமே இப்படி எழுத முடிந்தவருக்கு மகளின் நோவு விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? விளங்கியதெல்லாம் கதைக்குப் போயிற்று. எனக்குக் கசப்பது அதுதான்.

நான் கேட்ட விவாதங்களெல்லாம் மன்றோவை இனி வாசிக்கலாமா என்பதிலேயே சுற்றின. (குடும்ப மானம் என்று மூடிவைக்கப் பழகிய நமக்கு அது சௌகரியமான கேள்வி.) கட்டுரையின் மறுபாதியை எவரும் தொடவில்லை. 2014-இல் ஆன்ட்ரியாவின் சகோதரங்கள், சிறுவயதில் இப்படிப் பாதிக்கப்பட்டோருக்காக ரொறன்ரோவில் இயங்கும் 'கேட்ஹவுஸ்' நிலையத்தை நாடிப் போனார்கள். அவரை எப்படி இழந்தோம் என்று விளங்கிக்கொள்ளப் போனார்கள். பிறகு அவரோடு சேர்ந்தார்கள். தாய் உயிரோடிருக்கும்போதே, தாயில்லாமல்.

லீசாவுக்கும் கென்னி என்றொரு தம்பி இருந்தான். மன்றோ அவனை விபத்தில் சாகவிட்டிருக்கிறார்.