திரைப்படமும் ஊர்த் தீர்ப்பும்: கல்முனைக் கரையோரத்தை மையப்படுத்திய சில சிந்தனைகள்

திரைப்பட விமர்சனம் பற்றி நாம் பேசும்போது பத்திரிகைகளில் அச்சாகும் விமர்சனத்தையே பெரும்பாலும் கருத்திற் கொள்கின்றோம். ஆயின், ஒரு படத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பது அதுவன்று. பார்த்தவன் ஒருவன் பாராதவனிடம் கூறும் இரண்டொரு வாக்கியங்களே அதனைத் தீர்மானிக்கின்றன. "கட்டாயம் பார்க்க வேண்டிய படம்", "காசுக்குக் கேடு" என்னும் இத்தகைய கூற்றுகளை வெறும் பொழுதுபோக்குப் பேச்சென ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. எத்தகைய படம் ஊருக்குள் வரும், எது வாராமலே போகும், எந்த அனுபவம் பொது அனுபவமாகும், எது பேசப்படாது புதையும் என்பன இப்பேச்சிலேயே தங்கியுள்ளன. எனவே இப்பேச்சும் சமூகவியல் அடிப்படையில் ஆராயப்பட வேண்டியதொன்றாகும்.

இவ்வாய்வுக்குக் கல்முனைக் கரையோரம் பொருத்தமான களமாகும். 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் வட எல்லையிலே பெரியநீலாவணை அமைந்துள்ளது. தெற்கே நெசவுக்குப் பெயர்பெற்ற மருதமுனை. அதனையடுத்துப் பாண்டிருப்பு, கல்முனை. தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் அடுத்தடுத்து நிற்கும் இக்கரையில் மொழி ஒன்று, நினைவுகளோ ஒன்றல்ல. ஒரே படத்தை ஒரே மொழியில் கேட்கும் இரு சமூகங்கள் அதனைப் பற்றித் தம்முள் பேசிக்கொள்கின்றனவா என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினாவாகும்.

கலையைப் பற்றி ஊர் கூடித் தீர்ப்புக் கூறும் மரபு இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. மட்டக்களப்புக் கூத்துக் களரியைச் சுற்றி விடியவிடிய இருந்தவர்கள் கதையை முன்பே அறிந்தவர்கள். ஆடுபவனையும் அறிந்தவர்கள். தாளம் பிசகினால் அதனை உணரும் செவியும் அவர்களிடம் இருந்தது. ஆகவே அவர்களது தீர்ப்பு பார்த்த பின்னர் எழுந்தது. அத்தீர்ப்பைக் கூறியவன் மறுநாளும் அதே அண்ணாவியாரின் முகத்தில் விழிக்க வேண்டியவனாக இருந்தான். கவிதைத்துறையிலும் இத்தன்மையைக் காணலாம். பெரியநீலாவணை தந்த கவிஞர் நீலாவணன் (1931-1975), மருதமுனையின் மருதூர்க்கொத்தன், கல்முனைக்குடியின் எம். ஏ. நுஃமான் முதலியோர் ஒரே பிரதேசத்தில் எழுதியவர்கள். கவியரங்கிலே கவிஞனும் கேட்போனும் நேருக்கு நேர் நின்றனர். இனவேறுபாடு கடந்த ஓர் இலக்கியச் சூழல் இங்கு உருவானதற்கு இந்நேர்முகத் தன்மையும் ஒரு காரணமெனலாம்.

சினிமாவின் வருகையோடு இந்நிலை மாறுகின்றது. சினிமா கிராமத்தில் உற்பத்தியாவதன்று. முடிந்த பண்டமாக வெளியிலிருந்து வருவது. ஆகையால் அதனைப் பற்றிய தீர்ப்பும் பண்டத்தோடு சேர்த்தே இறக்குமதியாயிற்று. படம் வருமுன்னரே இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் அதன் பாடல்கள் வந்தன. ஒலிபெருக்கி கட்டிய காரும் துண்டுப் பிரசுரமும் பாட்டுப் புத்தகமும் வந்தன. தமிழகச் சஞ்சிகைகள் கிடைத்த காலங்களில் அவற்றின் விமர்சனங்களும் வந்தன. 1977 இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் வழங்கிய 62.5 புள்ளிகள் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. எதற்காக அப்புள்ளிகள் வழங்கப்பட்டன என்பதை நினைவுகூர்வோர் மிகச் சிலர். எண் கடல் கடந்தது. காரணம் கரையிலேயே நின்றுவிட்டது.

இன்று நிலைமை வேறுபட்டிருப்பதாகத் தோன்றலாம். முன்னோட்டக் காட்சியும், முதல் நாள் வசூற் கணக்கும், நட்சத்திரக் குறியீடுகளும் கைத்தொலைபேசியிலேயே வந்து சேர்கின்றன. கருத்துக் கூறுவோர் தொகை பெருகியிருக்கின்றது. ஆயினும் சாராம்சத்தில் மாற்றம் உண்டா என்பது ஐயத்துக்குரியதே. வசூற் கணக்கு முதலீட்டாளனின் இலாப நட்டம் பற்றியது. அதனைத் தன் சுவையின் சான்றாகப் பார்வையாளன் எடுத்துரைக்கும்போது முதலாளியின் பேரேட்டை அவன் தன் நாட்குறிப்பாக மயங்குகின்றான். பேசுவோர் பலராயினர்; பேச்சு ஒன்றாகவே உள்ளது.

இதன் விளைவை ஈழத்துத் தமிழ்ச் சினிமாவின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம். 1962 இல் 16 மில்லிமீற்றர் படமாக வந்த 'சமுதாயம்', அடுத்த ஆண்டு வந்த 'தோட்டக்காரி' ஆகியவற்றோடு தொடங்கிய இம்முயற்சி, 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டதன் பின்னர் எழுபதுகளின் பிற்பகுதியில் வேகம் பெற்றது. 1976 இல் வந்த 'கோமாளிகள்' மக்களிடையே வெற்றி பெற்றது. 1977 இல் தர்மசேன பத்திராஜா நெறிப்படுத்திய 'பொன்மணி' வணிகரீதியில் தோல்வியுற்றது. முன்னையது மக்கள் சுவைக்கு இசைந்தது, பின்னையது அறிவுஜீவிகளின் படம் என இதற்குப் பொதுவாக விளக்கம் கூறப்படும். இவ்விளக்கம் போதாது. 'கோமாளிகள்' வானொலித் தொடரொன்றினின்றும் பிறந்தது. அதன் பாத்திரங்கள் திரைக்கு வருமுன்னரே வீடுதோறும் அறிமுகமாகியிருந்தன. வானொலியே அதற்கான பரிந்துரையைச் செய்து முடித்திருந்தது. யாழ்ப்பாணக் குடும்பமொன்றைச் சாதி, சீதனம் ஆகியவற்றின் அழுத்தத்தில் வைத்து நோக்கிய 'பொன்மணி'க்கு அத்தகைய முற்கூட்டிய அறிமுகம் எதுவும் இருக்கவில்லை. பழக்கப்படாத அதன் நடையை எவ்வாறு பார்ப்பதென எடுத்துக் கூறும் விமர்சனச் சூழலும் போதிய அளவில் இருக்கவில்லை. நாவலுக்கு 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) மூலம் பேராசிரியர் க. கைலாசபதி செய்த பணி திரைப்படத்துக்குக் கிடைக்கவில்லை. தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக நோக்கிப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதிய நூல் 1981 இலேயே வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில், 1983 ஜூலை வன்செயல்களின்போது, ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது, இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். விமர்சனம் வளர்வதற்கு முன்னரே விமர்சிக்கப்பட வேண்டிய கலை வேரறுந்தது.

முற்போக்கு விமர்சனமும் இவ்விடயத்தில் தன்னைப் பரிசீலித்துக்கொள்ள வேண்டியுள்ளது. படத்தின் 'கருத்து' சரியா, பிழையா என்று மட்டும் கேட்டு முடிவு கூறுவதும் ஒருவகைப் புள்ளியிடலேயாகும். சாதியை எதிர்க்கும் படம் என்று 'பொன்மணி'யைப் பாராட்டிவிட்டு, அது ஏன் பார்வையாளரை எட்டவில்லை என்பதை ஆராயாது விடுதல் அப்படத்துக்கும் நன்மையன்று, பார்வையாளருக்கும் நன்மையன்று.

இனி, ஒரே படம் அயற்கிராமங்களில் எவ்வாறு வேறுவேறாகப் பொருள்படும் என்பதை நோக்குவோம். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) ஈழப் போரைப் பின்னணியாகக் கொண்டது. ஆயினும் இலங்கையில் படமாக்கப்பட்டதன்று. 'எங்கள் கதை' என்ற பரிந்துரையோடு அது ஈழத்தமிழரிடையே பரவியபோது, அந்த 'எங்கள்' என்னும் சொல் யாரை உள்ளடக்கியது என்ற கேள்வி எழவில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு அதே போரில் உயிரும் உடைமையும் இழந்த கிழக்கு முஸ்லிம் மக்களுக்கு அக்கதையில் இடமில்லை. மறுபுறத்தில், 'ரோஜா' (1992) முதல் 'விஸ்வரூபம்' (2013) வரை முஸ்லிமைப் பயங்கரவாதியாகக் காட்டும் படங்கள் ஒரு வரிசையாகவே வந்துள்ளன. இவற்றைத் தொழில்நுட்ப மேன்மைக்காகப் பெரியநீலாவணையில் ஒருவன் பரிந்துரைக்கும்போது, மருதமுனையிலுள்ள அவன் நண்பன் அப்பரிந்துரையை எவ்வாறு ஏற்பான்? ஒளிப்பதிவு நன்று என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆயின் அவ்வொளி யார்மீது விழுகின்றது என்பதையும் சேர்த்துக் கூறாத பரிந்துரை அரைகுறையானது.

பாராமலே பரிந்துரைக்கும் மனநிலையின் மறுபக்கம் பாராமலே தடுப்பதாகும். பிரசன்ன விதானகேயின் 'ஒப நதுவா ஒப எக்கா' (2012), முன்னாட் சிங்களப் படைவீரன் ஒருவனுக்கும் தமிழ்ப் பெண்ணொருத்திக்குமிடையிலான மணவாழ்வைத் தொஸ்தயேவ்ஸ்கியின் கதையொன்றைத் தழுவிக் கூறுவது. 2014 இல் சென்னைத் திரையரங்கில் அது காட்டப்படவிருந்த வேளையில், மிரட்டல்கள் காரணமாக நிறுத்தப்பட்டது. ஜூட் ரட்ணத்தின் ஆவணப்படமான 'டீமன்ஸ் இன் பரடைஸ்' 2017 இல் கான் விழாவிற் காட்டப்பட்டது. 2018 இல் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவில் எதிர்ப்பின் பேரில் விலக்கப்பட்டது. தமிழ் இயக்கங்கள் தமக்குள் நிகழ்த்திய கொலைகளைப் பற்றி அது பேசுகின்றது. அப்பேச்சுடன் உடன்படாதிருக்க எவருக்கும் உரிமையுண்டு. அவ்வுரிமை படத்தைப் பார்த்த பின்னரே பொருளுடையதாகும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் பொதுப் பார்வையாளருக்கு மறுக்கப்பட்டது ஒரு படம் மாத்திரமன்று. தாமே தீர்ப்புக் கூறும் வாய்ப்புமாகும்.

இப்பின்னணியில் விதானகேயின் 'இர மதியம' (2003) இக்கரையோர மக்களால் ஒன்றாகப் பார்க்கப்பட வேண்டிய படமென நாம் துணிந்து கூறலாம். பரிந்துரைக்குக் காரணம் கூறுதல் கடனாதலின் அதனைச் சற்று விளக்குவோம். மூன்று கதைகள் இப்படத்தில் ஒருங்கே செல்கின்றன. காணாமற்போன விமானியான கணவனைத் தேடுகின்றாள் ஒருத்தி. விடுமுறையில் வரும் இளம் படைவீரன் ஒருவன் தன் சகோதரியை விபசார விடுதியிற் காண்கின்றான். புலிகளின் கட்டளையால் ஊரைவிட்டு வெளியேறும் முஸ்லிம் மக்களிடையே சிறுவன் அரபாத் தன் நாயைப் பிரிய மறுக்கின்றான். வடக்கு முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட வரலாற்றைப் படம் புள்ளிவிபரமாகவோ பிரசங்கமாகவோ கூறவில்லை. ஒரு குழந்தையால் விளங்கிக்கொள்ள முடியாத இழப்பாக அதனைச் சுருக்கிக் காட்டுகின்றது. இச்சுருக்கமே அதன் வலிமை. வெளியேற்றத்தின் அரசியற் காரணங்கள் திரைக்கு வெளியே நின்றுவிடுவது அதன் குறைபாடு. இக்குறைபாட்டைப் பேசி நிறைவு செய்யக்கூடியவர்கள் பார்வையாளர்களே. சிறப்பாக, அத்தகைய இழப்பைத் தம் ஊரில் அறிந்தவர்களே.

1990 ஓகஸ்ட் மாதம் இப்பிரதேசத்துக்கு இரு நினைவுகளை விட்டுச் சென்றது. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஒன்றை ஒரு சமூகமும் மற்றையதை மறு சமூகமும் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பேசும் மேடை அரிதாகவே அமைகின்றது. அரபாத்தின் நாய்க்காக மருதமுனையிலும் பெரியநீலாவணையிலும் ஒருங்கே கண்கலங்க முடியுமாயின், அடுத்த வாக்கியத்தைப் பேசுவதற்கு வாய்ப்புண்டு. கலை சமாதானத்தை உண்டாக்கும் என்ற எளிய நம்பிக்கை இங்கு முன்வைக்கப்படவில்லை. பேசுவதற்குப் பொதுவான ஒரு பொருளைக் கலை தரும். பேசுவது மனிதரின் பொறுப்பு.

அவ்வாறாயின் நல்ல பரிந்துரை எவ்வாறு அமைய வேண்டும்? முதலாவதாக, படத்தைப் பார்த்த பின்னரே அது எழவேண்டும். இரண்டாவதாக, திரையில் என்ன நிகழ்கின்றது என்பதைத் தன் விருப்பு வெறுப்பினின்றும் பிரித்துக் கூறவேண்டும். மூன்றாவதாக, எங்கிருந்து பார்க்கின்றேன் என்பதைப் பேசுவோன் மறைக்கலாகாது. தமிழன், முஸ்லிம், ஆண், பெண், நெசவாளி, மீனவர், ஆசிரியர் என்னும் நிலைகள் பார்வையை உருவாக்குவன. நான்காவதாக, கேட்பவன் மறுத்துரைக்கக்கூடிய வகையிலே காரணம் சொல்லப்பட வேண்டும். மறுக்கமுடியாத பரிந்துரை விளம்பரமாகும். மறுக்கமுடியாத கண்டனம் தணிக்கையாகும்.

இவற்றை நடைமுறைப்படுத்துவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் கரையோர வாசிகசாலைகளும் இணைந்து மாதமொரு படத்தைக் காட்டலாம். ஒரு மாதம் தமிழ்க் கிராமத்திலும் மறுமாதம் முஸ்லிம் கிராமத்திலும் அதனை நடத்தலாம். சினிமாவையே மார்க்க அடிப்படையில் விலக்குவோரின் கருத்தையும் அக்கலந்துரையாடலிலே கேட்கலாம். அதுவும் இப்பிரதேசத்தின் கருத்துகளுள் ஒன்றேயாகும். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, எவரும் எழுந்து செல்லுமுன் முதற் கேள்வியைக் கேட்க ஒருவர் முன்வருதல் வேண்டும். பார்த்ததைப் பார்த்தவாறு சொல்லவும் சொன்னதைப் பொறுமையோடு கேட்கவும் பழகும் ஒரு சபையே இன்று எமக்கு உடனடித் தேவையாகும்.