அடி ரேட்டை மட்டும் கேட்டால் போதுமா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் போர் போட நினைப்பவர் முதலில் கேட்பது "அடி எவ்வளவு?" என்பதைத்தான். இரண்டு மூன்று ஏஜெண்டுகளிடம் விசாரித்து, குறைத்துச் சொன்னவரின் வண்டியை வரவழைப்பது வழக்கம். இதைக் குறை சொல்வதற்கில்லை. போர் வண்டிகளில் பல திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வருபவை. வேலை முடிந்த மறுநாள் வேறு ஊரில் நிற்கும். நாலு பேரிடம் கேட்கிறார் என்று தெரிந்தாலே சொல்லும் விலை இறங்கும். ஆனால் கடைசியில் கையில் வரும் பில்லில் அடி ரேட் ஒரு வரிதான். ஆழம், கேசிங் பைப், எங்கே நிறுத்துவது என்ற முடிவு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் செலவைத் தீர்மானிக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ரேட்டை மட்டும் ஒப்பிடுவது ஒப்பீடே ஆகாது.

மண்ணே இதற்குச் சாட்சி. மேற்கே விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல் பக்கம் கடும்பாறை. மேல்மண் சரியாதபடி கொஞ்ச தூரம் கேசிங் இறக்கினால் போதும், கீழே பாறையில் துளை தானாக நிற்கும். கிழக்கே ஆலங்குடி, அறந்தாங்கி பக்கம் மணலும் களியும் அடுக்கடுக்காகக் கிடக்கும் படிவுப் பூமி; அங்கே அடிவரை குழாய் இறக்கி, நீர் தரும் மணலடுக்குக்கு நேராக ஃபில்டர் பைப் வைத்தாக வேண்டும். படிவுப் பூமியில் இருக்கும் கீரமங்கலத்துக்காரர் விராலிமலை உறவினர் கொடுத்த ரேட்டைச் சொல்லிப் பேரம் பேசினால், குழாய்ச் செலவை மறந்து பேசுகிறார் என்று பொருள். பாறைப் பகுதிக்குள்ளேயே கூட ரேட் ஏமாற்றும். ஒருவர் முதல் 300 அடிக்கு அடிக்கு 90 ரூபாயும், அதற்குமேல் ஒவ்வொரு 100 அடிக்கும் பத்துப் பத்து ரூபாய் கூட்டியும் கேட்கிறார், இன்னொருவர் ஒரே சீராக 105 கேட்கிறார் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 300 அடியில் முதலாமவர் 27,000, இரண்டாமவர் 31,500. 800 அடிக்குப் போனால் முதலாமவர் 87,000, இரண்டாமவர் 84,000. மலிவு எது என்பதை ஆழம் சொல்கிறது.

ஆழம்தான் யாருக்கும் தெரியாதே, பிறகு எப்படி மொத்தத்தை ஒப்பிடுவது என்று கேட்கலாம். தெரியாது என்பதால்தான் 300, 600, 900 என மூன்று ஆழங்களுக்கும் கேசிங் உட்பட மொத்தத் தொகையை ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று விசாரித்தால் அந்த மூன்றில் எது நடக்கக்கூடியது என்பதும் ஓரளவு பிடிபடும். (தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஆழத்தையும் சொல்லிவிடுவார், அதை நம்பி கொட்டேஷன் வாங்க வேண்டாம்.) அரசு வேலைகளுக்கான 1998 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிச் சட்டமும் இந்த ஒழுங்கைத்தான் கேட்கிறது: வேலையின் அளவும் தரமும் முதலில் எழுதப்படும், விலை பிறகு வரும். சித்திரை வெயிலில் வண்டி கிடைப்பதே பெரும்பாடு, இத்தனை கேள்வி கேட்டால் ஏஜெண்ட் அடுத்த ஊருக்குப் போய்விடுவார் என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. அறுவடை முடிந்த கையோடு விசாரித்து வைப்பவருக்கு அந்த நெருக்கடி குறைவு. பயிர் காயும் நேரத்தில் தேடுபவருக்கு அது உண்மையான தடைதான். தெரிந்தவர் சொன்ன வண்டி என்ற நம்பிக்கைக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அந்த நம்பிக்கை ஆளைப் பற்றியது, பூமியைப் பற்றியதல்ல. தவிர, மூன்று ஏஜெண்டுகளும் ஒரே வண்டிக்காரருக்கு ஆள் பிடிப்பவர்களாக இருந்தால் மூன்று கொட்டேஷனும் ஒன்றுதான்.

அடிக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஆழம் கூடக் கூட வருமானம். "இன்னும் ஐம்பது அடி பார்க்கலாம்" என்று நள்ளிரவில் வரும் யோசனையை அந்தக் கணக்கோடு சேர்த்தே கேட்க வேண்டும். தண்ணீர் வராவிட்டாலும் பணம் முழுதும் கட்டியாக வேண்டும், நட்டம் நிலத்துக்காரருடையது. ஆகவே எத்தனை அடியில் யார் சொல்லி நிறுத்துவது என்பது ரேட்டுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியது. தண்ணீர் வராத துளையை மூடும் செலவு யாருடையது என்பதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. 2019 அக்டோபரில் பக்கத்து மாவட்டத்தில், மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்து இறந்தது. கிணறு தோண்ட அனுமதியும் பாதுகாப்பும் வேண்டும் என்னும் ஊராட்சி விதிகள் 2015 இலேயே வந்துவிட்டன. மூடி போடுவதற்கான தொகையையும் கொட்டேஷனில் தனி வரியாக எழுதச் சொன்னால், குறைந்த ரேட் சொன்னவர்களில் சிலர் அங்கேயே பின்வாங்கக்கூடும்.