தூரத்து அதிகாரமும் பக்கத்து அதிகாரமும்

செய்தித்தாள், வழக்குப் பத்திரம், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு என எல்லாவற்றின் மீதும் அமெரிக்கக் குடியேற்றங்களில் வரி போட்ட முத்திரைச் சட்டத்தை, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1766 மார்ச் 18-ல் ரத்து செய்தது. அதே நாளில், எந்த விஷயத்திலும் அந்தக் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் போடத் தனக்கு முழு உரிமை உண்டென்று இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றிக்கொண்டது. வம்பெல்லாம் அந்த 'எந்த விஷயத்திலும்' என்பதில்தான். ஏழாண்டுப் போரின் கடனில் பங்கு கேட்டது குற்றமா, மான்செஸ்டருக்கும்தான் நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர் இல்லையே என்று லண்டன் கேட்டது. அசட்டுக் கேள்வி அல்ல. ஆனால் மான்செஸ்டர்க்காரர் கட்டிய வரியை வாக்குரிமை பெற்ற பக்கத்து ஊராரும் கட்டினார்கள். அமெரிக்காவுக்கென்றே போட்ட வரியோ, அதை விதித்தவர் ஒருவரின் மடியையும் தொடவில்லை. எவ்வளவு உயர்த்தினாலும் அவர்களுக்கு வலிக்காது.

இதற்குக் குடியேற்றவாசிகள் கண்ட மருந்து, பிரிட்டிஷ் சரக்கை வாங்க மறுப்பது. லண்டன் வணிகரின் கல்லாவில் கை வைத்ததும், முத்திரைச் சட்டத்தை நீக்கும்படி அவர்களே மனுப் போட்டார்கள். கண்ணாடி, காகிதம், சாயம், ஈயம், தேயிலை மீது 1767-ல் வந்த வரிகளில் தேயிலை வரி தவிர மற்றவை 1770-ல் போயின. ஆனால் ஓர் ஊர் மறுத்து, அடுத்த ஊர் வாங்கினால் நஷ்டம் மறுத்தவனுக்குத்தான். அதே 1770-ல் நியூயார்க் வணிகர் பின்வாங்கியதும் கட்டுப்பாடு குலைந்தது. அதனால் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் 1774-ல் கூடிய காங்கிரஸ், பிரிட்டிஷ் சரக்கை மறுக்கும் பொது ஒப்பந்தம் ஒன்றைப் போட்டு, அதைக் காக்க ஊருக்கு ஊர் கண்காணிப்புக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.

கோளாறும் அங்கேதான் புகுந்தது. ஒப்பந்தத்தை மீறியவர் பெயரைக் குழு பத்திரிகையில் போடும். அவரோடு கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். மேல்முறையீட்டுக்கு இடமில்லை. தாரைப் பூசி இறகு ஒட்டி ஊர்வலம் விட்ட கும்பல்களைவிடக் குழுக்கள் எவ்வளவோ மேல், தேர்தலில் வந்தவர்கள்தானே என்பார்கள். உண்மைதான், நாடாளுமன்றமும் தேர்தலில் வந்ததுதான். அந்த ஒப்பந்தம் அடிமை வணிகத்தையும் நிறுத்தச் சொன்னது, அது பாராட்டத்தக்கது. ஆனால் தோட்டங்களில் ஏற்கெனவே இருந்த அடிமைகள் மீது எஜமானுக்கிருந்த வரம்பற்ற அதிகாரத்தை அது தொடவே இல்லை. இந்த எதிர்ப்புக்குத் தூரத்து அதிகாரம் துல்லியமாகத் தெரிந்தது, பக்கத்து அதிகாரம் மங்கலாகத்தான் தெரிந்தது. அந்தப் பார்வைக் குறை விடுதலைக்குப் பின் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பிலும் தொடர்ந்தது. பால்டிமோர் நகராட்சி செய்த வேலைகளால் தன் படகுத்துறை தூர்ந்துபோனதென்று நஷ்டஈடு கேட்டார் ஒருவர். 1791-ல் சேர்த்த உரிமைப் பிரிவுகள் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று சொல்லி, 1833-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.