ஒப்பந்தக் கள்வன்: "தி ஹாபிட்" குறித்து ஒரு நோக்கு

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியராக விளங்கிய ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட "தி ஹாபிட்", சிறுவர்க்கென எழுதப்பட்ட நூல். ஆயினும் அதன் கதைத்தலைவன் மேற்கொள்ளும் தொழில் களவு. களவைத் தடைசெய்யும் கட்டளையைப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம், கள்வன் ஒருவன் நல்லவனாக வளரும் இக்கதையை எங்ஙனம் வாசிப்பது? திருடத் திருட அவனிடம் திறமையும் துணிவும் வளர்ந்தன என்பது பலர் கூறும் விடை. அது நூலின் பாதியையே விளக்குகிறது என்பது நம் கருத்து.

பில்போ, ஹாபிட் எனப்படும் குற்றுருவ இனத்தைச் சேர்ந்தவன். வேளைக்கு உணவும் வீட்டின் சுகமும் விரும்புபவன். தோரினின் தலைமையில் குள்ளர் பதின்மூவர் அவனை நாடி வருகின்றனர். அவர்களுடைய முன்னோரின் செல்வத்தை ஸ்மாக் என்னும் வலுசர்ப்பம் கவர்ந்து, மலைக்குள் அதன்மேல் படுத்திருக்கிறது. மந்திரவாதி காண்டால்ஃபின் சூழ்ச்சியால் பில்போ பதினான்காம் ஆளாக, கள்வன் என்னும் பதவியில் அமர்த்தப்படுகிறான். ஊதியம் பதினான்கில் ஒரு பங்கு. திருடப்பட்ட பொருளை மீட்கத் திருடன் ஒருவன் வேண்டியிருக்கிறது! களவுக்கும் உரிமைக்கும் இடையே உள்ள எல்லை தொடக்கத்திலேயே மங்கிவிடுவதை நாம் கவனிக்க வேண்டும்.

முதல் களவு தோல்வியில் முடிகிறது. ட்ரோல் எனப்படும் பூதமொன்றின் பணப்பையை எடுக்க முயன்று அவன் அகப்படுகிறான். தோழர் மெச்சவேண்டும் என்பதே அங்கு அவனுடைய நோக்கம். அடுத்து, மலைக்குகையின் இருளில், அணிந்தவரை மறைக்கும் மோதிரம் அவன் கைக்கு எட்டுகிறது. அதன் உடைமையாளனாகிய கொலம் என்னும் பிராணியிடம் அவன் உண்மையை மறைக்கிறான். 1937ஆம் ஆண்டுப் பதிப்பில் புதிர்ப்போட்டியின் பரிசாகக் கொலமே அம்மோதிரத்தைத் தர முன்வந்தது. 1951ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆசிரியர் அப்பரிசை நீக்கினார். இதனால் பில்போவின் உரிமை மேலும் ஐயத்துக்குரியதாயிற்று. ஆனால் அதே திருத்தம், வாளேந்தி மறைந்து நிற்கும் அவன் கொலத்தின் ஒளியற்ற தனிமையை எண்ணி இரங்கி, கொல்லாமல் தாண்டிச் செல்லும் காட்சியையும் நமக்குத் தந்தது. பொருளை எடுத்தவன் உயிரை எடுக்க மறுக்கிறான். வளர்ச்சியின் முதற்படி இதுவே.

எல்ஃப் வேந்தனின் அரண்மனையில் தோழர் சிறைப்பட்டிருக்கையில், மறைந்து வாழும் பில்போ அன்றாடம் உணவைத் திருடி உண்கிறான். மதுவுண்டு உறங்கும் காவலனின் சாவிகளைக் கவர்ந்து சிறைக்கதவுகளைத் திறக்கிறான். பின்னரோ, அக்காவலனுக்கு நேரவிருக்கும் தண்டனை சற்றேனும் குறையட்டும் என்று சாவிகளைத் திரும்பக் கொண்டுபோய் அவன் கச்சையில் மாட்டுகிறான். தன் செயலால் துன்புறுவோன் யார் என்று எண்ணத் தொடங்கிய கள்வன் இவன். நூலின் இறுதியில் வெள்ளியும் முத்தும் இழைத்த கழுத்தணி ஒன்றை வேந்தனுக்குக் கொடுத்து, உண்ட உணவின் கடனையும் தீர்க்கிறான்.

வலுசர்ப்பத்தின் குகையிலிருந்து அவன் கிண்ணம் ஒன்றை எடுத்துவரும்போது குள்ளர் அவனைப் புகழ்கின்றனர். ஸ்மாக் சினந்தெழுந்ததும் அவனையே பழிக்கின்றனர். மறுமுறை சென்று அதனிடம் தன்னை மிதாக்காரன்போல் புதிராக வருணித்துப் பெருமை பேசுகிறான். அப்பேச்சே ஏரியூரின்மேல் அதன் கோபத்தைத் திருப்ப, ஊர் எரிந்து அழிகிறது. திறமையின் உச்சியில் நிகழ்ந்த இத்தீங்கை ஆசிரியர் மறைக்கவில்லை.

இனி ஆர்க்கன் கல். தோரின் அனைத்திலும் மேலாக மதிக்கும் அந்த மணியைப் பில்போ கண்டெடுத்து ஒளித்துக்கொள்கிறான். தன் பங்கைத் தானே தெரிந்தெடுக்கலாம் என்னும் வாக்கைத் துணைக்கு அழைத்தும் அவன் மனம் அமைதி பெறவில்லை. இதை நாம் தூய செயலாக்க முயலலாகாது. அதன் வேர் ஆசையே. ஆயினும் ஸ்மாக் மாண்டபின், ஊரிழந்தோர்க்குப் பங்கு தரத் தோரின் மறுத்துப் போர் மூளும் நிலையில், அவன் அம்மணியை எதிரணியிடம் ஒப்படைத்து, அதைத் தன் ஊதியப் பங்காகக் கணக்கிடுகிறான். தங்களோடு பாதுகாப்பாகத் தங்குமாறு வேந்தன் அழைத்தும் மறுத்து, தன் கையால் ஏமாந்த தோழரிடமே அவ்விரவில் திரும்புகிறான். மறுநாள் உண்மையை ஒப்புக்கொள்கிறான். தோரின் அவனை மதிலிலிருந்து எறிய முற்படுகிறான்.

நல்ல முடிவு தீய வழியை நியாயப்படுத்துமோ என்று இங்கு நாம் வினவலாம். நூல் அவ்வாறு வாதிடவில்லை. ஏனெனில் நல்ல முடிவு அச்செயலால் விளையவில்லை. போர் மூளவே செய்கிறது. பொது எதிரிகளின் வருகையே பகைவரை ஒன்றாக்குகிறது. பலன் காணாத ஈகை அது. எனினும் மரணப்படுக்கையில் தோரின் தன் கடுஞ்சொற்களைத் திரும்பப் பெறும்போது, பில்போவின் களவன்று, அவன் திரும்பிவந்த நட்பே அங்கு மதிக்கப்படுகிறது. மணியும் தோரினின் மார்பின்மேல் வைக்கப்பட்டுக் கல்லறைக்குள் செல்கிறது. பில்போ ஏற்பதோ இரு சிறு பெட்டிகள் மட்டுமே.

வீடு திரும்பியவன், தான் இறந்ததாகக் கருதித் தன் உடைமைகள் ஏலம் போவதைக் காண்கிறான். தன் பொருள்களையே விலை கொடுத்து வாங்க நேர்கிறது. கள்வனாகச் சென்றவன் இழந்தவனின் நிலையையும் அறிந்துகொள்கிறான்.

ஆகவே இவ்வளர்ச்சியை எடுக்கும் கையின் திறமையால் அளவிடாமல், விடும் கையின் உரத்தால் அளவிடுவதே பொருந்தும். மனந்திரும்புதலைப் பற்றிப் பேசும் நாம், ஒரே நாளில் தூய்மையுறும் மாந்தரையே உவமை காட்டிப் பழகிவிட்டோம். கலப்புள்ள நோக்கத்தோடு தொடங்கி, படிப்படியாகப் பிறர் துன்பத்தைக் காணக் கற்று, இறுதியில் தான் மிக விரும்பியதையே விட்டுக்கொடுக்கும் இச்சிற்றுருவன், நம் சபையாருள் பலரை நாம் பொறுமையோடு புரிந்துகொள்ள உதவுவான் எனக் கருதுகிறோம்.