சிங்கர் 15கே: திருப்புளியை எடுக்கும் முன்

பழைய தையல் மெஷின் வாங்கப் போனால் விற்பவர் வாயில் தவறாமல் வரும் வார்த்தை ‘டைமிங்’. தையல் விட்டாலும் டைமிங், நூல் அறுந்தாலும் டைமிங், அடியில் சிக்கு விழுந்தாலும் டைமிங். என் மேஜைமேல் இப்போது இருக்கும் சிங்கர் 15கே மெஷினையும் அப்படித்தான் கொடுத்தார்கள்: “ஷட்டில் போயிருச்சு சார், டைமிங் அவுட். ஷோவுக்கு வச்சுக்கலாம்.” பிரித்துப் பார்த்ததில் ஷட்டிலும் நன்றாக இருந்தது, டைமிங்கும் சரியாக இருந்தது. கோளாறு வேறு இடங்களில் இருந்தது. பழைய மெஷின்களில் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் இருக்கும்.

முதலில் மெஷினைப் பற்றி. படுக்கையில் குத்தியிருக்கும் எண் ‘ஈஎஃப்’ என்று தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த சிங்கர் ஆலையில் 1940களின் கடைசியில் செய்தது. ‘கே’ என்பது அந்த ஆலை இருந்த கில்போவியைக் குறிக்கும். 1980இல் ஆலையை மூடிவிட்டார்கள். இதே 15ஆம் வகை அமைப்பைப் பின்பற்றிய மெஷின்கள் பல நாடுகளில் வந்தன. நம் வீடுகளில் இருக்கும் உஷா கறுப்பு மெஷினும் அந்தக் குடும்பம்தான். அதனால் இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

கோளாறைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது இரண்டு நிற நூல். மேலே சிவப்பு, பாபினில் வெள்ளை. இரண்டாக மடித்த பாப்ளின் துணியில் ஒரு சாண் தையல் போடுங்கள். நல்ல தையலில் இரண்டு நூலும் துணியின் நடுவில் முடிச்சிட்டுக்கொள்ளும். மேலே வெள்ளையும் தெரியாது, கீழே சிவப்பும் தெரியாது. இந்த மெஷின் போட்ட தையலில் மேல்பக்கம் ஒழுங்காக இருந்தது. திருப்பினால் அடியில் சிவப்பு நூல் கூடு கட்டியிருந்தது. நடுநடுவே தையலும் விட்டிருந்தது.

அடியில் சிக்கு விழுந்தால் பலரும் பாபினைத்தான் திட்டுகிறார்கள். அடியில் தெரிவது மேல்நூல் என்றால் தளர்ந்திருப்பது மேல்நூல்தான். முகத்தகட்டில் இரண்டு வட்டத் தகடுகள் ஒரு ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்டு நிற்கும். நூல் அவற்றுக்கு நடுவே போக வேண்டும். அழுத்துபாதத்தை இறக்கிவைத்துக்கொண்டு நூல் கோத்தால் தகடுகள் இறுக்கமாக இருக்கும், நூல் உள்ளே இறங்காமல் விளிம்பிலேயே நிற்கும். பாதத்தைத் தூக்கிவிட்டுத்தான் கோக்க வேண்டும். கோத்த பிறகு பாதத்தை இறக்கி நூலைக் கையால் இழுத்துப் பாருங்கள். பாதம் மேலே இருந்தபோது இல்லாத இறுக்கம் விரலில் தெரிய வேண்டும். இந்த மெஷினில் இறங்கியும் இறுக்கம் வரவில்லை. தகடுகளுக்கு இடையே பழைய பஞ்சு தட்டையாக ஒட்டிப்போய் அவற்றைச் சேரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணி நாடாவை நடுவே விட்டு இழுத்ததில் கறுப்பாக வந்தது. அத்தோடு கூடு கட்டுவது நின்றது. டென்ஷன் திருகைத் தொடவே தேவைப்படவில்லை.

தையல் விடுவதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் கண்ணால் பார்க்கலாம். இடப்பக்கச் சறுக்குத் தகட்டைத் திறந்து வைத்து, துணியோடு, கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி அடிமட்டத்தைத் தொட்டு இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மேலே ஏறும்போது, துணி நூலைப் பிடித்துக்கொள்வதால் ஊசியின் ஒரு பக்கத்தில் நூல் சின்ன வளையமாகப் புடைக்கும். அந்த நொடியில் ஷட்டிலின் கூர்முனை ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலே வந்து வளையத்துக்குள் புகும். பிறகு நூலை விரித்துப் பாபின் பெட்டியைச் சுற்றி அனுப்பிவிடும், அடிநூல் அதற்குள் மாட்டிக்கொள்ளும். டைமிங் என்பது இவ்வளவுதான். வளையம் சரியாக விழாவிட்டாலோ, கூர்முனைக்கும் ஊசிக்கும் இடையே தூரம் கூடிவிட்டாலோ தையல் விடும். ஆக, முதல் சந்தேகம் ஊசிமேல்தான் விழ வேண்டும்.

இந்த மெஷினில் மாட்டியிருந்தது பவர் மெஷின் ஊசி. பாக்கெட்டில் ‘டிபி×1’ என்று போட்டிருப்பார்கள். அதன் தண்டு மெலிந்தது, முழு உருண்டை. 15கே கேட்பது ஒரு பக்கம் தட்டையான தண்டுள்ள ஊசி. ‘எச்ஏ×1’ அல்லது ‘15×1’ என்று கேட்டு வாங்க வேண்டும். இப்போது கடைகளில் பவர் மெஷின் ஊசிதான் அதிகம் போகிறது. வெறுமனே ‘பதினாறாம் நம்பர் ஊசி’ என்று கேட்டால் அதையே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நம்பர் ஊசியின் பருமனைச் சொல்லும், வகையைச் சொல்லாது. பட்டுக்கும் மெல்லிய துணிக்கும் 11, சாதாரணப் பருத்திக்கு 14, தடித்த துணிக்கு 16 என்று வைத்துக்கொள்ளலாம். மாட்டும் திசையிலும் குழப்பம் வரும். ஊசியில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். ஊசிக்கு மேலே உள்ள கடைசி நூல்கொக்கி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பள்ளம் இருக்க வேண்டும். நூலும் அந்தப் பக்கத்திலிருந்தே கோக்க வேண்டும். தண்டு மேலே முட்டும்வரை ஏற்றித்தான் திருக வேண்டும்.

சரியான ஊசியை மாட்டியதும் பாப்ளினில் ஒரு தையல்கூட விடவில்லை. பனியன் துணியில் மட்டும் விட்டது. அது மெஷினின் குற்றம் கிடையாது. இழுபடும் துணி ஊசியோடு சேர்ந்து எழும்புவதால் வளையம் விழுவதில்லை. முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசி போட்டால் ஓரளவு சரியாகிறது. ஆனாலும் இது நேர்த்தையல் மட்டுமே போடும் மெஷின். பனியன் துணி தைக்க இதை வாங்குவது வீண்.

பாபின் பெட்டியில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பக்கவாட்டில் உள்ள சின்ன இலைத்தகட்டுக்கு அடியில் நூல் துணுக்கோ பஞ்சோ மாட்டியிருந்தால் தகடு படியாது, அடிநூல் தளர்ந்து ஓடும். பாபினை உள்ளே போட்டு நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். பெட்டி அப்படியே நிற்க வேண்டும். லேசாக ஒரு வெட்டு வெட்டினால் கொஞ்சம் இறங்கி மறுபடி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்குப் போனால் தளர்வு, அசையாமல் நின்றால் இறுக்கம். இலைத்தகட்டின் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினாலே போதும்.

துணி நகராமல் ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் ஊசித்தட்டைக் கழற்றிப் பாருங்கள். பற்களுக்கு நடுவே பஞ்சு கெட்டித்து நமத்த அட்டை மாதிரி படிந்திருக்கும். பல் எழும்பவே வழியிருக்காது.

எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. அது நாளடைவில் பிசினாகி அச்சுகளைப் பிடித்துக்கொள்ளும். மெஷின் கனத்து ஓடும். இறுகிய மெஷினுக்கு எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் ஓட்டி, கசிந்து வரும் அழுக்கைத் துடைத்துவிட்டு, பிறகு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். ஷட்டில் ஓடும் வளையத்தில் ஒரு துளி மறக்காதீர்கள். ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைக்க வேண்டாம். தங்கப் பூ வேலைக்கு மேலே பூசியிருக்கும் அரக்கு வார்னிஷை ஸ்பிரிட் கரைத்துவிடும், பூ வேலை வெளிறிப் போகும்.

கால் மெஷினாக ஓட்டுபவர்களுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். மிதிக்கும்போது சக்கரம் பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கினால் முதல் சுற்றிலேயே நூல் சிக்கிக்கொள்ளும். கையால் சக்கரத்தை முன்பக்கமாகத் தள்ளிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் தையல் விட்டால் ஷட்டிலைக் கழற்றி அதன் கூர்முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். முள்ளாகத் தட்டினால் மிக மெல்லிய எமரித்தாளால் தேய்க்கலாம், முனை ஒடிந்திருந்தால் மாற்ற வேண்டும். இந்த அமைப்பில் டைமிங் தானாக மாறுவது அபூர்வம். ஊசி ஏதோ கெட்டியான பொருளில் இடித்து ஊசித்தண்டு அதன் பிடியில் நழுவியிருந்தால்தான் அது கெடும். அந்தத் திருகைத் தொடும் வேலையைக் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

மொத்தத்தில் இதை வாங்கலாமா? பருத்தி ரவிக்கை, பாவாடை, பை, திரைச்சீலை தைப்பவர் தாராளமாக வாங்கலாம். தையலின் நேர்த்திக்கு இன்றைய பிளாஸ்டிக் மெஷின்கள் பலவற்றைவிட இதை நான் விரும்புகிறேன். ஜிக்ஜாக் வேண்டும் என்பவர் வேறு பார்க்கலாம். வாங்கப் போகும்போது ஒரு புது 14ஆம் நம்பர் ஊசியைக் கையோடு கொண்டுபோய் நீங்களே மாட்டித் தைத்துப் பாருங்கள். பாபின், பாபின் பெட்டி, ஷட்டில், டென்ஷன் ஸ்பிரிங் எல்லாமே இன்னும் உதிரிக் கடைகளில் கிடைக்கின்றன. படுக்கை இரும்பில் வெடிப்பு இருந்தால் மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.