முதுகலை ஆய்வேடுகளில் இயந்திர மொழிபெயர்ப்பு மதிப்பீடு: ஒரு திறனாய்வு

1. முன்னுரை

செயற்கை நுண்ணறிவும் எண்ணிம ஊடகமும் இன்று முதுகலை நிலையில் தனிப்பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. இப்பாடங்களைப் பயிலும் மாணவர் இந்திய மொழியொன்றைத் தம் ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும்போது இயந்திர மொழிபெயர்ப்பு அவர்க்கு எளிதில் வாய்க்கும் தலைப்பாக அமைகிறது. அவ்வகை ஆய்வேட்டின் அமைப்பு நாம் நன்கறிந்ததே. முதலில் முன்னாய்வுகள் தொகுத்துரைக்கப்படும். அடுத்துப் பயன்படுத்திய தரவும் இயந்திர அமைப்பும் விளக்கப்படும். இறுதியில் ஓர் அட்டவணை இடம்பெறும். அவ்வட்டவணையில் முன்னைய அமைப்பு பெற்ற மதிப்பெண்ணைவிடப் புதிய அமைப்பு பெற்ற மதிப்பெண் சற்றே மிகுந்திருக்கும். அம்மிகுதியே ஆய்வின் முடிபாகக் கொள்ளப்படும்.

இயந்திரம் தந்த தமிழ் வாக்கியங்கள் எவை, அவற்றில் பிழையானவை எவை, அப்பிழைகள் எவ்விலக்கணக் கூறு பற்றியன என்னும் வினாக்கள் எழுப்பப்படாமலேயே இத்தகைய ஆய்வேடு நிறைவுற்றுவிடக்கூடும். மொழியைப் பற்றிய ஓர் ஆய்வில் மொழி வாசிக்கப்படாமல் போவது எங்ஙனம் நேர்கிறது என்பதை ஆராய்வதும், முதுகலைப் பயிற்சியில் செய்யத்தக்க மாற்றங்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

2. அளவுகோலின் தோற்றமும் எல்லையும்

இன்று பெருவழக்காக உள்ள அளவுகோல் 'புளூ' எனப்படுவது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த கிஷோர் பாப்பினேனியும் அவர்தம் உடனாய்வாளர் மூவரும் இதனை 2002இல் வெளியிட்டனர். இதன் நெறி எளியது. மனிதர் செய்த மொழிபெயர்ப்பு ஒன்று முன்னரே ஆயத்தமாக இருக்கும். அதனை ஒப்புப் பெயர்ப்பு என்போம். இயந்திரம் தந்த வாக்கியத்தின் தனிச்சொற்கள், இருசொல் தொடர்கள், முச்சொல் தொடர்கள், நாற்சொல் தொடர்கள் ஆகியவற்றுள் எத்தனை ஒப்புப் பெயர்ப்பில் அப்படியே காணப்படுகின்றன என்று எண்ணப்படும். இவ்விகிதங்களின் பெருக்கற் சராசரி கணக்கிடப்படும். பெயர்ப்பு அளவிற் குறுகினால் அதற்குத் தண்டமாக மதிப்பு குறைக்கப்படும்.

இவ்வளவுகோலை ஆக்கியோர் அதன் எல்லையை அறியாதவர் அல்லர். ஒரு வாக்கியத்திற்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்புப் பெயர்ப்புகள் இருக்கலாம் என்பதற்கு அவர்கள் இடமளித்தனர். தனி வாக்கியத்தை எடைபோடாமல் ஒரு சோதனைத் தொகுதி முழுமையையும் எடைபோடவே இதனைக் கருதினர். மேலும், அவர்கள் இதனைச் சோதித்துக் காட்டியது சீனத்திலிருந்து ஆங்கிலத்திற்குச் செய்த பெயர்ப்புகளைக் கொண்டு ஆகும். சொல்வரிசை பெரும்பாலும் நிலையாக உள்ளதும், சொல் மிகுதியான உருபுகளை ஏலாததுமான ஆங்கிலத்திற்குப் பொருந்திய ஒரு கருவி, ஒப்புப் பெயர்ப்பு ஒன்றே உள்ள நிலையில் தமிழுக்கும் பொருந்தும் என்று கொள்வது ஆய்வுக்குரிய கருதுகோளே; ஆய்வின் தொடக்கத்தில் ஏற்கத்தக்க உண்மையன்று.

இக்குறை மாணவர்க்கு மட்டும் உரியதன்று. 2010 முதல் 2020 வரை வெளிவந்த 769 இயந்திர மொழிபெயர்ப்புக் கட்டுரைகளைப் பரிசீலித்து 2021இல் வெளிவந்த ஆய்வொன்று, ஏறத்தாழ அனைத்துக் கட்டுரைகளும் புளூ மதிப்பெண்ணைத் தருவதையும், அவற்றுள் பெரும்பாலானவை அதனை மட்டுமே சான்றாகக் கொள்வதையும் எடுத்துக்காட்டியது. மாணவர் தம் முன்னோரைப் பின்பற்றுகின்றனர் என்பதே உண்மை.

3. ஒரு சிறு சோதனை

அளவுகோலின் போக்கை விளக்க ஓர் எளிய வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கில மூலத்திற்குரிய ஒப்புப் பெயர்ப்பு 'மழை பெய்ததால் அவன் வரவில்லை' என்பதாகுக. மூன்று இயந்திரங்கள் பின்வருமாறு பெயர்ப்பனவாகக் கொள்வோம்.

(அ) மழை பெய்ததால் அவன் வந்தான்.
(ஆ) அவன் மழை பெய்ததால் வரவில்லை.
(இ) மழையின் காரணமாக அவன் வரவில்லை.

இவற்றுள் (ஆ), (இ) ஆகிய இரண்டும் சரியானவை. (அ) மூலத்தின் பொருளுக்கு நேர்மாறானது. இனி எண்ணிப் பார்ப்போம். (அ) வாக்கியத்தில் நான்கு சொற்களுள் மூன்றும், மூன்று இருசொல் தொடர்களுள் இரண்டும், இரண்டு முச்சொல் தொடர்களுள் ஒன்றும் ஒப்புப் பெயர்ப்போடு பொருந்துகின்றன. (ஆ) வாக்கியத்தில் நான்கு சொற்களும் பொருந்தினும், இருசொல் தொடர் ஒன்றே பொருந்துகிறது. முச்சொல் தொடர் ஒன்றும் பொருந்தவில்லை. (இ) வாக்கியத்தில் பொருந்துவன இரண்டு சொற்களும் ஓர் இருசொல் தொடருமே. ஆகவே சொற்றொடர்ப் பொருத்தத்தை அளக்கும் முறையில், எதிர்மறையை உடன்பாடாக மாற்றிய பெயர்ப்பு முதலிடம் பெறுகிறது. எழுவாயை முன்னே வைத்த குற்றத்திற்காகவும் 'காரணமாக' என்னும் சொல்லை ஆண்ட குற்றத்திற்காகவும் சரியான பெயர்ப்புகள் பின்தள்ளப்படுகின்றன.

இதற்குரிய காரணம் வெளிப்படை. ஆங்கிலத்தில் எதிர்மறை தனிச்சொல்லாக நிற்க, தமிழில் அது வினைமுற்றுக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. வாக்கியத்தின் உடன்பாடும் எதிர்மறையும், காலமும், திணை பால் எண் இடங்களும் ஒரு சொல்லின் ஈற்றிலேயே தீர்மானிக்கப்படும் ஒட்டுநிலை மொழியில், 'நான்கில் ஒரு சொல் பிழை' என்பது கால்பங்குப் பிழை ஆகாது. அது முழுப்பிழையாகவும் இருக்கலாம். பிழையே இல்லாமலும் இருக்கலாம். 'வந்துகொண்டிருந்தான்' என்று சேர்த்தெழுதுவதும் 'வந்து கொண்டிருந்தான்' என்று பிரித்தெழுதுவதும் தமிழ் வாசகர்க்கு ஒன்றே. இடைவெளியைக் கொண்டு சொல்லைப் பிரிக்கும் நிரலுக்கோ அவை ஒரு சொல்லும் இரு சொற்களும் ஆகும். அவற்றிடையே பொருத்தம் சுழியம்.

தனி வாக்கியத்தைக் கொண்டு தொகுதிக்குரிய அளவுகோலை மறுப்பது முறையாகுமா என்று வினவலாம். ஆயிரம் வாக்கியங்களின் சராசரியில் இத்தகைய பிறழ்ச்சிகள் ஒன்றையொன்று ஈடுசெய்யக்கூடும் என்பது ஏற்கத்தக்கதே. ஆயின், ஈடுசெய்யப்பட்ட பிழைகள் நீங்கிய பிழைகள் அல்ல. இரண்டு அமைப்புகளுக்கிடையே உள்ள வேறுபாடு ஒரு புள்ளிக்கும் குறைவாக இருக்கும் நிலையில், அவ்வேறுபாடு எதிர்மறைகளைச் சரிவரப் பெயர்த்ததால் வந்ததா, ஒப்புப் பெயர்ப்பாளரின் சொல்வரிசையைப் பின்பற்றியதால் வந்ததா என்பதைச் சராசரி கூறாது. வாக்கியங்களை வாசித்தவரே கூற இயலும்.

4. மாற்று அளவுகோல்கள்

மாயா போபோவிச் 2015இல் முன்வைத்த எழுத்துத்தொடர் அளவுகோல் சொற்களுக்கு மாறாகக் குறியெழுத்துத் தொடர்களை எண்ணுகிறது. ஒட்டுநிலை மொழிகளுக்கு இது ஏற்றதென்பதில் ஐயமில்லை. மேற்காட்டிய சோதனையில் இவ்வளவுகோல் (ஆ) வாக்கியத்தை (அ) வாக்கியத்திற்கு மேலே வைக்கிறது. சொல்வரிசைச் சிக்கல் பெரிதும் தீர்கிறது. எனினும் (இ) வாக்கியம் (அ) வாக்கியத்திற்குக் கீழேயே நிற்கிறது. வடிவ ஒற்றுமையை எத்துணை நுட்பமாக அளந்தாலும் அது பொருள் ஒற்றுமை ஆவதில்லை.

மனிதர் அளித்த மதிப்பீடுகளைக் கொண்டு பயிற்றப்பட்ட அளவுகோல்கள் இவற்றின் அடுத்த நிலையாகும். இவ்வகையில் 2023இல் வெளிவந்த இந்திய மொழி மதிப்பீட்டு ஆய்வு குறிப்பிடத்தக்கது. தமிழ், மலையாளம், இந்தி, மராத்தி, குஜராத்தி ஆகிய ஐந்து மொழிகளில், ஏழு இயந்திர அமைப்புகள் தந்த பெயர்ப்புகளில் இருந்த பிழைகளை மொழியறிந்தோர் வகைப்படுத்திக் குறித்தனர். குறிக்கப்பட்ட பகுதிகள் 7000. சொற்றொடர்களை எண்ணும் அளவுகோல்களைவிடப் பயிற்றப்பட்ட அளவுகோல்களே மனித மதிப்பீட்டோடு மிகுதியும் ஒத்துச்செல்கின்றன என்பது அவ்வாய்வின் முடிபு. இங்கு நாம் கருதத்தக்கது மற்றொன்று: அம்முடிபுக்கு அடிப்படையாக இருந்தது மொழியறிந்தோர் வாக்கியந்தோறும் செய்த வாசிப்பே. சிறந்த அளவுகோலும் வாசிப்பிலிருந்தே பிறக்கிறது.

5. சரளமும் பிழையும்

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிப் பின்னர் ஐதராபாத்தில் வளர்ந்த 'அனுசாரகா' திட்டத்தை மொழியியலார் மறந்திரார். பாணினிய இலக்கண நெறியை அடிப்படையாகக் கொண்டு பாரதி, சைதன்யா, சங்கல் ஆகியோர் எழுதிய நூல் 1995இல் வெளிவந்தது. மூலத்தில் உள்ள செய்தியை இயன்றவரை குன்றாமல் வாசகரிடம் சேர்ப்பதே அத்திட்டத்தின் குறிக்கோள். இலக்கு மொழியின் இயல்பான நடை அதற்கு இரண்டாம் இடமே. அவ்வகை அமைப்புகள் பரந்த அளவிலான உரைகளைக் கையாள இயலாமல் பின்தங்கின. அவற்றைப் போற்றிப் பழமைக்குத் திரும்புவது இக்கட்டுரையின் கருத்தன்று.

ஆயினும் அவற்றின் வெளியீட்டில் ஒரு நேர்மை இருந்தது. இயந்திரம் தடுமாறிய இடம் வாசகர் கண்ணுக்குத் தடுமாற்றமாகவே தோன்றியது. 2017க்குப் பின் பரவிய நரம்புவலை அமைப்புகளின் தமிழோ பெரும்பாலும் தடையற்றது. மேலே கண்ட (அ) வாக்கியத்தை மீண்டும் நோக்குக. அதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. மூலத்தைக் காணாத வாசகர்க்கு அது பிழையென்று ஐயுறவும் இடமில்லை. பழைய பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது. புதிய பிழை சரளத்தினுள் மறைகிறது. ஆதலின் இன்று மூலத்தோடு ஒப்பிட்டு வாசிக்கும் தேவை முன்னினும் மிகுந்துள்ளது. அத்தேவை மிகுந்த காலத்திலேயே பாடத்திட்டத்தில் அதற்குரிய இடம் சுருங்கியிருப்பது வருந்தத்தக்கது.

இது வகுப்பறையோடு முடியும் செய்தியன்று. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் பெயர்க்க உதவும் 'சுவாஸ்' மென்பொருள் 2019இல் அறிமுகமாயிற்று. நடுவண் அரசின் 'பாஷிணி' திட்டம் 2022இல் தொடங்கப்பெற்றது. பாடநூல்களும் காணொளி விரிவுரைகளும் இயந்திரத் துணையுடன் தமிழாக்கம் பெறுகின்றன. நோயாளியின் குடும்பத்தாரிடம் மருத்துவர் கூறும் ஒரு கூற்றை எண்ணுக. ஆங்கிலத் தன்மைப் பன்மைச் சொல்லுக்குத் தமிழில் 'நாம்', 'நாங்கள்' என இரண்டு உண்டு. 'நாளை நாம் முடிவு செய்வோம்' என்றால் குடும்பத்தார்க்கும் முடிவில் பங்குண்டு. 'நாளை நாங்கள் முடிவு செய்வோம்' என்றால் அவர்க்குப் பங்கில்லை. நான்கில் ஒரு சொல்லே வேறுபடும் இவ்விரு வாக்கியங்களுக்கிடையில் நிற்பது கேட்போரின் உரிமை. இவ்வேறுபாட்டை எண்ணும் அளவுகோல் ஏதுமில்லை. தனி வாக்கியத்தைக் கொண்டு எது சரி என்று துணியவும் இயலாது. யார் யாரிடம் பேசுகின்றனர் என்பதை அறிந்தாக வேண்டும்.

6. சோதனைத் தொகுதியின் இயல்பு

பன்மொழிச் சோதனைத் தொகுதிகளுள் 'புளோரஸ்' பரவலாகப் பயன்படுவது. அதன் வாக்கியங்கள் ஆங்கில விக்கிமீடியப் பக்கங்களிலிருந்து எடுக்கப்பட்டுப் பிற மொழிகளில் பெயர்க்கப்பட்டவை. ஆகவே அதனைக் கொண்டு தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குப் பெயர்க்கும் திறனைச் சோதிக்கும்போது, மூலமாக வைக்கப்படும் தமிழே ஒரு மொழிபெயர்ப்பாகும். தமிழில் தோன்றிய உரைக்குரிய எழுவாய் மறைந்த தொடர்கள், எச்ச அடுக்குகள், இரட்டைக்கிளவிகள், 'தான்', 'ஏ', 'ஓ' முதலிய இடைச்சொற்களின் ஆட்சி ஆகியவை அதில் இயல்பான அளவில் இடம்பெறும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அத்தொகுதியில் பெற்ற உயர் மதிப்பெண் ஆங்கிலத்தைத் தழுவிய தமிழைக் கையாளும் திறனுக்குச் சான்றாகுமேயன்றித் தமிழை அறிந்தமைக்குச் சான்றாகாது.

7. பாடத்திட்டத்திற்குச் சில பரிந்துரைகள்

மதிப்பெண் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பல அமைப்புகளை விரைந்து ஒப்பிட அது பயன்படுகிறது. மனித மதிப்பீட்டிற்குக் காலமும் பொருளும் வேண்டும். மதிப்பிடுவோரிடையே கருத்து வேறுபாடும் எழும். எனினும் முதுகலை ஆய்வேடு ஒன்றில் பின்வருவனவற்றைக் கட்டாயமாக்குதல் இயலாததன்று.

முதலாவது, இயந்திரம் தந்த வாக்கியங்களுள் நூறினையேனும் மாணவர் மூலத்தோடு ஒப்பிட்டு வாசித்து, பிழைகளை உருபனியல், தொடரியல், பொருண்மையியல், சூழற்பொருள் என வகுத்துக் காட்டுதல் வேண்டும்.

இரண்டாவது, எதிர்மறை, தன்மைப் பன்மை, மரியாதைப் பன்மை, காரணப் பொருள் போன்ற ஒரே கூற்றில் வேறுபடும் வாக்கிய இணைகளை மாணவரே அமைத்துச் சோதித்தல் வேண்டும். இவ்விணைகளை அமைக்கும் முயற்சியே அவர்க்கு இலக்கணப் பயிற்சியாகும்.

மூன்றாவது, சோதனை உரையில் ஒரு பகுதியேனும் தமிழிலேயே தோன்றியதாக இருத்தல் வேண்டும்.

நான்காவது, மொழிபெயர்ப்பாளர் இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, அவர்கள் மாறுபடும் இடங்கள் ஆய்வேட்டில் பதிவாதல் வேண்டும். அம்மாறுபாட்டைக் குறைபாடாகக் கருதி மறைத்தல் தவறு. மொழியில் உண்மையாகவே இரண்டு வழிகள் உள்ள இடங்களை அதுவே காட்டும்.

ஐந்தாவது, வாய்மொழித் தேர்வுக் குழுவில் மொழியியலார் அல்லது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இடம்பெறுதல் வேண்டும்.

இவ்விடத்து நம் துறையினரின் பொறுப்பையும் சுட்டுதல் கடன். அளவுகோல் எங்ஙனம் கணக்கிடப்படுகிறது என்பதை அறியாமலேயே அதனைப் புறக்கணிக்கும் போக்கு மொழித்துறைகளில் உண்டு. மேலே செய்த சோதனைக்குத் தாளும் எழுதுகோலுமே போதுமானவை, கணினியும் வேண்டியதில்லை. அவ்வளவேனும் செய்து பார்க்காத மொழியியலார் பொறியியல் மாணவரைக் குறைகூறுதல் பொருந்தாது.

8. முடிவுரை

ஒப்புப் பெயர்ப்பு என்று அட்டவணையில் பெயரின்றிக் குறிக்கப்படுவது ஒரு மொழிபெயர்ப்பாளரின் உழைப்பு. அவர் பல வழிகளை எண்ணிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தார். அவர் தேர்ந்த ஒன்றை மட்டும் அளவாக்கி, அவர் தேர்ந்த முறையைக் கல்வியிலிருந்து நீக்கிவிட்டதே இன்றைய குறை. இயந்திரங்களை ஆக்கும் மாணவர்க்கு அத்தேர்வு முறையையும் கற்பித்தால், அவர்கள் தரும் மதிப்பெண்ணுக்கும் பொருளுண்டாகும்.