ஒரே பெயரில் இரண்டு டிராக்கள்

2000-இல் லண்டனில் நடந்த உலக செஸ் பட்டப் போட்டியின் முதல் ஆட்டம் 25 நகர்வுகளில் டிரா ஆனது. காஸ்பரோவுக்கு வெள்ளைக் காய்கள். கருப்பில் ஆடிய கிராம்னிக் எடுத்தது பெர்லின் தற்காப்பு. அதில் எட்டாவது நகர்விலேயே ராணிகள் வெளியேற, கருப்பு ராஜா கோட்டை கட்டும் உரிமையை இழந்து நடுவில் நிற்கிறது. அந்தப் போட்டியில் நான்கு முறை பெர்லின் வந்தது, நான்கும் டிரா. காஸ்பரோவ் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் பட்டத்தை இழந்தார். அன்று முதல் பெர்லினுக்குச் சோம்பலான திறப்பு என்ற கெட்ட பெயர்.

அந்தப் பெயர் நியாயமற்றது. ராணிகள் வெளியேறிய அந்த நிலையில் மற்ற காய்களெல்லாம் வெட்டுப்பட்டுச் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால், பொதுவாக வெள்ளைதான் வெல்லும். ராஜா பக்கத்தில் அதற்கு மூன்றுக்கு நான்கு சிப்பாய்கள். கருப்பின் கூடுதல் சிப்பாயோ இன்னொரு சிப்பாயோடு ஒரே நெடுவரிசையில் முடங்கிக் கிடக்கிறது. கருப்புக்குக் கைகொடுப்பவை இரண்டு பிஷப்புகளும், எளிதில் தகர்க்க முடியாத காய் அமைப்பும். எந்தக் காயை எப்போது மாற்றுவது என்பதில் ஒரு தவறு போதும், ஆட்டம் கைநழுவும். 2014-இல் சோச்சியில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 11-வது ஆட்டத்தில், கருப்பில் ஆடிய ஆனந்த் இதே நிலையிலிருந்து சிப்பாயைத் துணிந்து தள்ளி, யானையையும் பலிகொடுத்துப் பார்த்தார். கார்ல்சன் 45 நகர்வுகளில் வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். செத்த நிலையில் இப்படி ஓர் ஆட்டம் பிறக்காது.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு பெர்லின் மீது. அதில் வெள்ளை ஆறாவது நகர்வில் குதிரையை வெட்டாமல் தன் பிஷப்பை விட்டுக்கொடுக்கிறது. பிறகு இரு ராணிகளும் மாறி மாறி அதே கட்டங்களுக்குத் திரும்ப, 14 நகர்வுக்குள் ஒரே நிலை மூன்று முறை வந்து ஆட்டம் முடிகிறது. இருவருக்கும் முழு வரிசையும் மனப்பாடம். 2005-இல் சோஃபியா போட்டியில், ஆடுபவர்கள் தாங்களே பேசி டிரா செய்வதற்குத் தடை வந்தது. அந்தத் தடையை மீறாமலே இந்த வரிசை அதைத் தாண்டிவிடுகிறது. நீண்ட போட்டியில் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்ற ஆட்டக்காரரின் கணக்கு புரிகிறது. ஆனால் பார்க்க வந்தவர்களுக்குப் பலகையில் எதுவுமே நடக்கவில்லை.

திறப்பைப் பழிப்பதைவிட, டிராவுக்குக் கிடைக்கும் பலனை மாற்றுவதே சரி. நார்வே செஸ் போட்டியில் 2019 முதல் ஆட்டம் டிரா ஆனால் உடனே அர்மகெடான் என்ற விரைவு ஆட்டம் ஆடவேண்டும். அதில் வெள்ளைக்கு 10 நிமிடம், கருப்புக்கு 7. டிரா ஆனாலே கருப்புக்கு வெற்றி. வென்றே தீரவேண்டிய வெள்ளை அந்த 14 நகர்வு வரிசைக்குள் கால் வைக்காது.